இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்க!

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. ஒரு அம்மா கேட்டாங்க: "பொண்ணுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போனேன். நம்ம தோட்டத்துக் கறிவேப்பிலை ரெண்டு கட்டு கொண்டு போனேன். ஏர்போர்ட்டுல எடுத்துக் குப்பையில போட்டுட்டாங்க. நாம தினம் திங்கிற இலை அவங்களுக்கு மட்டும் விஷமா?"

இன்னொரு குழுவிலிருந்து வந்த கேள்வி: "வெளிநாட்டுக்கு அனுப்பறேன்னு இலை எடுத்துட்டுப் போன வியாபாரி, சரக்கு ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு சொல்லிப் பாதிப் பணம்தான் கொடுத்தார். இது நியாயமா?"

கேள்வி இரண்டாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். மனிதர் எல்லை தாண்டினால் பாஸ்போர்ட் வேண்டும். அதுபோலச் செடி, இலை, காய் எல்லை தாண்டினாலும் அதற்கென்று விதி இருக்கிறது. அந்த விதி எதற்காக, அதில் நம் பெண்களின் உழைப்பும் பணமும் எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதை இன்றைக்குப் பேசலாம்.

இலையோடு கூடப் போவது யார்?

பச்சை இலை என்பது உயிருள்ள பொருள். மேலே பார்த்தால் பளபளன்னு இருக்கும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. நரம்பு ஓரத்தில் ஊசிமுனை அளவு முட்டை இருக்கும். சில புழு இலையின் மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவிலேயே குடியிருக்கும். இலையில் வெள்ளைக் கோடு கோலம் போட்ட மாதிரி ஓடுவதைப் பார்த்திருப்பீங்க. அது இலைத்துளைப்பான் புழு போன பாதை. கீரைக்கட்டு வேரில் ஒட்டியிருக்கும் மண்ணில் நூற்புழுவும் பூஞ்சாணமும் இருக்கலாம்.

நம்ம ஊரில் அந்தப் பூச்சிக்கு எதிரி உண்டு. பொறிவண்டு தின்னும், சின்னக் குளவி அதன் உடம்பில் முட்டை வைக்கும், சிலந்தி பிடிக்கும். அதனால் பூச்சி ஓரளவு கட்டுக்குள் இருக்கும். அதே பூச்சி வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அங்கே தட்டிக் கேட்க ஆளில்லை. இரண்டு பருவத்தில் ஊரையே பிடித்துக்கொள்ளும். இலைக்கு விமானம் ஏறத் தடை போடுவதற்குக் காரணம் இதுதான்.

இது புதுசாக வந்த விதியும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து போன ஒரு சின்னப் பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதற்குப் பிறகு 1878-ல் சில நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. 1951-ல் உலக அளவில் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. நம் நாட்டிலும் 1914-லேயே பூச்சி, நோய் பரவலைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. அதன் கீழே 2003-ல் போட்ட ஆணைப்படிதான் வெளிநாட்டுச் செடி, விதை, பழம் இங்கே வருவதைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

பப்பாளி மாவுப்பூச்சியை மறந்துட்டோமா?

"பணக்கார நாட்டுக்காரங்க நம்மளை ஏய்க்கப் போட்ட விதி"ன்னு சில பேர் சொல்றாங்க. நம்ம ஊர்க் கதையை ஞாபகப்படுத்தறேன்.

2008-ல் கோயமுத்தூரில்தான் இந்தியாவிலேயே முதல் முறையாகப் பப்பாளி மாவுப்பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க. அதன் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். பெண் பூச்சிக்கு இறக்கையே கிடையாது. கடலைத் தானாகத் தாண்ட முடியாது. செடியோடோ காயோடோ ஒட்டிக்கொண்டுதான் இப்படிப்பட்ட பூச்சிகள் நாடு விட்டு நாடு வரும். அடுத்த இரண்டு வருசத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வீட்டு வாசல் செம்பருத்தி வரைக்கும் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. பட்டுப்புழு வளர்த்தவங்க இலையில்லாமல் தவிச்சாங்க. மருந்து அடிச்சு அடிச்சு கை ஓய்ந்து போச்சு. பூச்சி மேலே மாவு மாதிரி மெழுகு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது.

கடைசியில் 2010-ல் பெங்களூருவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் மூலமாக, அமெரிக்காவைச் சேர்ந்த போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, அந்தப் பூச்சியின் எதிரியான சின்னஞ்சிறு குளவிகளைக் கொண்டு வந்து விட்டாங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவி. மருந்து செய்யாத வேலையை அது செய்தது.

அதோடு முடிந்ததா? 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. 2018-ல் மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு வந்தது. 2020-ல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சியைப் பார்த்தாங்க. அப்புறம் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காட்டுக்கும் வந்துவிட்டது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி கொண்டு வர வேண்டியதாயிற்று.

எல்லாமே வெளியிலிருந்து வந்த விருந்தாளிங்க. போன கடனும் கட்டாமல், புதுக் கடன் கேட்டு நம் குழுக்களில் எத்தனை பேர் அந்த வருசங்களில் நின்னாங்க என்பது தீர்மான நோட்டைப் புரட்டினால் தெரியும். வாசலில் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாம் பட்டவங்க.

கறிவேப்பிலைக்கு ஏன் இத்தனை காவல்?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஆரஞ்சும் ஒரே குடும்பத்துச் செடிகள். இந்தக் குடும்பத்துக்கு ஒரு சாறு உறிஞ்சும் பூச்சி உண்டு. சைலிட் என்று பெயர். 3, 4 மில்லிமீட்டர் நீளம்தான். கொழுந்தில் தலையைக் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும். முட்டை மஞ்சளாக இருக்கும். குஞ்சுகள் இருக்கும் இடத்தில் வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கும். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் செங்காம்பு கறிவேப்பிலை போட்டவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் பசுமையாதல் நோய் என்ற ஒரு நோயைப் பரப்பும். நோய்க்கிருமி மரத்தின் சாறு ஓடும் குழாயை அடைக்கும். இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும். காய் கோணிப்போய், அடிப்பகுதி பச்சையாகவே நின்று, கசக்கும். நோய் பிடித்த மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை. கறிவேப்பிலைச் செடி அந்த நோயால் சாகாது. ஆனால் பூச்சிக்கு அது ரொம்பப் பிடித்த வீடு. நாம் இரண்டு கட்டு இலை கொண்டு போனால், அந்தக் கட்டுக்குள் முட்டையோ குஞ்சோ இருந்தால் போதும்.

அமெரிக்காவில் புளோரிடா என்ற மாநிலம் ஆரஞ்சுக்குப் பேர் போனது. அங்கே இந்தப் பூச்சியை 1998-ல் பார்த்தாங்க. நோயை 2005-ல் கண்டுபிடிச்சாங்க. 2003-04 பருவத்தில் ஏறக்குறைய 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. 2023-24-ல் விளைந்தது 2 கோடிப் பெட்டிக்கும் குறைவு. புயலும் காரணம், தோட்டங்களை வீட்டுமனை ஆக்கியதும் காரணம். ஆனால் முதுகெலும்பை உடைத்தது இந்த நோய்தான். அங்கேயும் தோட்டக்கூலிகள் இருந்தாங்க, பழம் பொறுக்கும் பெண்கள் இருந்தாங்க. அவங்க வேலையும் போச்சு.

அதனால்தான் அமெரிக்கா வெளிநாட்டுப் பச்சைக் கறிவேப்பிலையைப் பயணிகள் கொண்டு வரவே கூடாது என்கிறது. ஆக, நம்ம அம்மாவின் கறிவேப்பிலையில் விஷம் எதுவும் இல்லை. அதில் ஒட்டியிருக்கக்கூடிய பூச்சிக்குத்தான் அவங்க பயந்தாங்க.

சான்றிதழ் என்றால் என்ன?

வியாபாரத்துக்கு இலை, கீரை அனுப்பும்போது பெரும்பாலான நாடுகள் ஒரு தாள் கேட்கும். அதற்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் என்று பெயர். "இந்தச் சரக்கைப் பரிசோதித்தோம், உங்கள் நாடு தடை செய்த பூச்சி, நோய் இதில் இல்லை" என்று நம் அரசாங்கம் அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதம் அது. வியாபாரி தானே எழுதிக்கொள்ள முடியாது. பஞ்சாயத்துத் தலைவரும் கொடுக்க முடியாது. மத்திய அரசின் தாவரப் பாதுகாப்புத் துறை அதிகாரியோ, அதற்கென்று அதிகாரம் பெற்ற வேளாண் அதிகாரியோதான் கையெழுத்துப் போட வேண்டும். நமக்குப் பக்கத்தில் சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது.

ஏற்றுமதியாளர் விண்ணப்பம் போட்டதும் அதிகாரி சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, வெளிச்சத்தில் விரித்து, லென்ஸ் வைத்து இலையைத் திருப்பிப் பார்ப்பார். உயிருள்ள பூச்சியோ மண்ணோ இருந்தால் சான்று கிடையாது. அவர் கண்ணுக்குத் தப்பினாலும், போய் இறங்கும் நாட்டில் மறுபடியும் பார்ப்பார்கள். அங்கே மாட்டினால் புகை மருந்து போடுவார்கள், திருப்பி அனுப்புவார்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுவார்கள். கீரையும் இலையும் திரும்பி வருவதற்குள் அழுகிவிடும். அதனால் எரிப்பதுதான் அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல் பயணிகள் பையில் கொண்டு போகும் பச்சைப் பொருளுக்கும் இந்தச் சான்று கேட்கிறார்கள். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் என்று ஐந்து பழத்துக்கு மட்டும்தான் விலக்கு. இலை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. நாட்டுக்கு நாடு விதி மாறும். துபாய்க்குச் செல்லுபடியாவது ஜெர்மனிக்குச் செல்லாது.

ஒரு கட்டு இலை, ஒரு நாட்டின் பேர்

2013-ஆம் வருசம் இந்தியாவிலிருந்து ஐரோப்பா போன பழம், காய்கறிச் சரக்குகளில் 207 சரக்குகளில் பூச்சி இருந்ததாகக் கணக்கு எடுத்தார்கள். விளைவு என்ன? 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு இலை ஐந்துக்கும் தடை. பூச்சி இருந்த தோட்டக்காரருக்கு மட்டும் தடை போடவில்லை. சுத்தமாகக் கொடுத்தவர், அசட்டையாகக் கொடுத்தவர் எல்லாரும் சேர்ந்து நின்றார்கள். மாம்பழத்துக்கான தடையை 2015 தொடக்கத்தில் எடுத்தார்கள். மற்றவை அதற்குப் பிறகும் காத்திருந்தன. அந்தச் சமயத்திலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போகும் காய்கறியை அங்கீகாரம் பெற்ற சிப்பம் கட்டும் கூடத்தில் வைத்துச் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று நம் அரசு கட்டாயம் ஆக்கியது.

இது நமக்குத் தெரிந்த கணக்குத்தான். குழுவில் ஒருத்தர் கடன் கட்டாவிட்டால் பேங்க்காரர் குழு பேரைத்தான் எழுதுவார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து உறுப்பினர், ஆளுக்கு 20 கிலோ, மொத்தம் 200 கிலோ இலை. ஒருத்தர் கட்டில் மட்டும் பூச்சி இருக்கிறது. அதிகாரி எடுத்த மாதிரியில் அது வந்துவிட்டது. போவது அந்த 20 கிலோ இல்லை, 200 கிலோ.

பூச்சி ஒன்று, மருந்து ஒன்று

இங்கே ஒரு குழி இருக்கிறது. பூச்சி இருக்கக் கூடாது என்றதும் நம்ம ஆட்கள் பறிப்பதற்கு முதல் நாள் மருந்தை அடித்துவிடுகிறார்கள். பூச்சி செத்துவிடும். ஆனால் மருந்து இலையிலேயே நிற்கும். அதற்கு வேறு சோதனை இருக்கிறது. இந்தியக் கறிவேப்பிலையை மருந்து எச்சத்துக்காகவே ஐரோப்பாவில் கூடுதலாகச் சோதித்திருக்கிறார்கள். பூச்சியில் தப்பித்து மருந்தில் மாட்டினால் என்ன லாபம்? வெளிநாட்டுக்காரர் சோதித்துத் தள்ளும் இலையை நம்ம பிள்ளைகள் ரசத்தில் போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் யோசிங்க.

தோட்டத்திலும் களத்திலும் செய்யக்கூடியதைச் சொல்றேன்.

1. வாரம் ஒரு தடவை கொழுந்தைத் திருப்பிப் பாருங்க. வெள்ளை நூல், கரும்பூசணம், சுருண்ட கொழுந்து தெரிந்தால் அந்த நுனியை ஒடித்து மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்க. வரப்பில் வீசாதீங்க.

2. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க. பூச்சி வந்திருப்பது முன்கூட்டியே தெரியும்.

3. ஆரம்பத்திலேயே வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடிக்கலாம். 5 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டர் தண்ணீர் கணக்கு.

4. வேறு மருந்து அடித்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் பறிக்காதீங்க. மருந்தின் பேர், தேதி, எந்த வயல் என்று நோட்டில் எழுதி வைங்க. படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்க.

5. பறித்த இலையை வெறும் மண்ணில் போடாதீங்க. நிழலில் வெள்ளைத் துணி விரித்து, கொத்தை அதன் மேல் தட்டுங்க. பூச்சி இருந்தால் துணியில் விழுந்து தெரியும்.

6. ஒவ்வொருத்தர் இலையையும் தனிக்கூடையில் பேர்ச்சீட்டோடு வைங்க. ஒன்றில் குறை வந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம்.

ஆய்கிற கைக்குக் கூலி

இப்போ இரண்டாவது கேள்வி. இதைத்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன்.

இலையைத் திருப்பிப் பார்ப்பது, குறை இலையைக் கிள்ளுவது, துணியில் தட்டுவது, கட்டுவது, இதையெல்லாம் யார் செய்யறாங்க? நாமதான். பறிக்கிற கூலியில் இதையும் சேர்த்து, "உட்கார்ந்து ஆயற வேலைதானே"ன்னு சொல்லிடறாங்க. யோசித்துப் பாருங்க. அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்க்கும் வேலையை அவருக்கு முன்னாடியே செய்வது நம்ம கண்ணும் விரலும். விமானம் ஏறுகிற 200 கிலோவைக் காப்பாற்றுவதும் அதுதான். அது சும்மா வேலை இல்லை. அதனால் ஆய்ந்த இலைக்குத் தனி விலை, ஆயாத இலைக்குத் தனி விலை என்று கேளுங்க. சங்கடப்பட வேண்டியதில்லை.

அதே மாதிரி, வெளிநாட்டுக்கு என்று சொல்லி இலை எடுக்க வருகிற வியாபாரியிடம் நாலு கேள்வி கேளுங்க.

ஒன்று, எந்த நாட்டுக்குப் போகுது? அந்த நாடு இந்த இலையை அனுமதிக்குதா?

இரண்டு, சான்றிதழ் யார் பேரில் வாங்கறீங்க? எங்கே சோதனை?

மூன்று, சரக்கு தள்ளுபடி ஆனால் அதற்கான கடிதத்தின் நகல் எங்களுக்குக் கொடுப்பீங்களா? அந்தக் கடிதத்தில் என்ன காரணம் என்று இருக்கும். பூச்சியா, மண்ணா, மருந்தா, இல்லை அவர் தாள் சரியாகப் போடவில்லையா என்று அப்போது தெரியும். வாயால் "ரிஜெக்ட்" என்றால் ஒத்துக்காதீங்க.

நாலு, நட்டம் யாருக்கு? எடை போட்டு, தரம் பார்த்து எடுத்துக்கொண்ட பிறகு வந்த குறைக்கும் நம்ம தலையில் கட்டுவது முறையா? எங்கள் கூடையில் பூச்சி இருந்தது என்று நிரூபணமானால் எங்கள் பங்கு. லாரியில் வாடியதும் தாளில் பிழையும் உங்கள் பங்கு. இதை முன்கூட்டியே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, குழு நோட்டில் ஒட்டி வைங்க.

அந்தக் குழு சகோதரிகளுக்கு என் பதில் இதுதான். கடிதத்தைக் கேளுங்க. தனியாகப் போகாமல் கூட்டமைப்பு நிர்வாகிகளோடு போய்க் கேளுங்க. நானும் கூட வர்றேன்.

பிள்ளைகளுக்கு அனுப்பும் பையில்

பிள்ளைங்க வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பச்சை இலை, விதை, செடிக்குச்சி, மண் எதையும் பையில் ஒளித்து வைக்காதீங்க. போகும் நாட்டில் கொடுக்கும் சீட்டில் என்ன இருக்கிறதோ அதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால், அனுமதி இல்லாததை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறைத்து மாட்டினால்தான் அபராதம். ஆஸ்திரேலியாவில் எலுமிச்சை நோயும் இல்லை, அந்தப் பூச்சியும் இல்லை. அதனால் அங்கே காவல் இன்னும் கடுமை.

வறுத்து அரைத்த கறிவேப்பிலைப் பொடியில் பூச்சி உயிரோடு போக வழியில்லை. அதனால் இப்படிப்பட்ட பொடிகளுக்குப் பொதுவாகத் தாவரச் சான்று கேட்பதில்லை. ஆனாலும் போகும் நாட்டில் விசாரித்து, சீட்டில் எழுதித்தான் கொண்டு போகணும். பச்சையாக அனுப்ப முடியாத இலையைப் பொடியாக விற்கலாமே என்று உங்களில் சில பேருக்குத் தோன்றும். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, உள்ளூர்க் கடையில் ஆரம்பிக்கலாம். கூட்டமைப்பில் பேசுவோம்.

அதே கையோடு இன்னொன்று. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் பிள்ளைங்க அழகா இருக்குன்னு பூச்செடிக் குச்சியைப் பையில் கொண்டு வந்தால் தடுத்துச் சொல்லுங்க. அது நம்ம நாட்டுச் சட்டத்துக்கும் விரோதம். அந்தக் குச்சியில் அடுத்த மாவுப்பூச்சி இருக்கலாம். அமெரிக்காக்காரர் அவர் ஆரஞ்சுக்குச் செய்த காவலை நாம் நம்ம மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் செய்ய வேண்டாமா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். இலை, கீரை விற்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போடுங்க. ஒன்று, நம்ம குழுவிலிருந்து போகும் எந்த இலையும் அடிப்பக்கம் பார்க்காமல் போகாது. இரண்டு, அப்படிப் பார்த்துக் கொடுக்கும் கைக்குத் தனிக்கூலி இல்லாமல் இலை கொடுக்க மாட்டோம். எழுதிக் கையெழுத்துப் போட்ட குழுக்களின் பேரை அடுத்த இதழில் போடச் சொல்லி நிர்வாகிகளைக் கேட்டிருக்கிறேன். உங்கள் குழு பேர் அதில் வரணும்.